கொம்புள்ளவர்களுக்கு விலக்கு

ஒரு காட்டில் வருடத்தில் பாதி நாள் பனி பெய்தது. மீதிப் பாதி நாள், பனி எப்போது பெய்யும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்கும் ஒரு சிங்கராஜா இருந்தார். சிங்கத்துக்கும் பனிக்கும் ஒத்துவராதுதான். ஆனால் ராஜா வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. அதனால் அவர் குகைக்குள் கணப்பின் பக்கத்தில், கம்பளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி ஆட்சி செய்துவந்தார்.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் காட்டுக்குப் பனிவண்டிகள் வந்து சேர்ந்தன. முன்னால் சறுக்கிப் போக இரண்டு பலகைகள், பின்னால் சுழலும் பட்டை, நடுவே இருக்கை, காடே அதிரும்படி ஒரு சத்தம். அதுவரை பக்கத்துப் புதருக்குப் போக அரை நாள் எடுத்துக்கொண்ட மிருகங்கள் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அதே வேகத்தில் திரும்பி வந்தன.

பனிவண்டிப் பாதையில் ஊசிமரத் திருப்பம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஊசியிலை மரங்கள் பாதைக்கு மேல் கிளை நீட்டி நிற்கும். அந்த மரங்களின் அடியில்தான் தும்பை என்ற முயலின் வளை இருந்தது. அவளுக்கு நான்கு குட்டிகள்: துவரை, உளுந்து, காராமணி, மொச்சை. பாதைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மரங்கொத்தி டீச்சரின் பள்ளிக்கூடம். குட்டிகள் தினமும் கடந்து போய்க் கடந்து வரவேண்டும். குட்டிகளும் வெள்ளை, பனியும் வெள்ளை. வண்டி ஓட்டுகிறவர்களின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

ஒரு நாள் நரி குணசீலனின் வண்டி, கடைசிக் குட்டி மொச்சையின் காது நுனியில் இருந்த முடியைச் சுத்தமாகச் சிரைத்துக்கொண்டு போனது. தும்பை பாதையின் நடுவில் வந்து நின்று கத்தினாள்.

“கண்ணு தெரியலையா உனக்கு?”

குணசீலன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பணிவாகச் சொன்னான்: “நான் சரியாத்தான் வந்தேன்க்கா. உன் பிள்ளைதான் பனி கலர்ல பிறந்திருக்கு. கொஞ்சம் சாயம் பூசிப் பாரேன்.”

தும்பை மொச்சையின் காதைத் தடவிப் பார்த்தாள். இன்று முடி. நாளைக்கு? அவள் அன்றே சிங்கராஜாவின் சபைக்குப் புறப்பட்டாள்.

சபைத் தலைவர் கலைமான் ராஜமாணிக்கம். அவருடைய கொம்பு உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே சபையின் வாசலை இடித்து அகலப்படுத்தியிருந்தார்கள். அவரிடமும் ஒரு பனிவண்டி இருந்தது. காட்டிலேயே அதிகம் சத்தம் போடுவது அதுதான்.

“ராஜா, ஊசிமரத் திருப்பத்துல வண்டிங்க மெதுவா போகணும்” என்றாள் தும்பை. “நான் கேக்கறது அவ்வளவுதான்.”

“மெதுவா என்றால் எவ்வளவு மெதுவா அம்மா?” என்று கேட்டார் ராஜமாணிக்கம். “ஆமை மெதுவா, நத்தை மெதுவா? அதை ஆராய்ந்து முடிப்பதற்குள் கோடை வந்துவிடும். முதலில் ஓட்டுகிறவர்களுக்குப் பொறுப்பு வரவேண்டும். பொறுப்பு எங்கே இருக்கிறது? தலையில். ஆகவே அரசே, தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாம்.”

“ஹெல்மெட் போட்டா ஓட்டறவர் தலை பிழைக்கும்யா. எம்பிள்ளை காதுக்கு என்ன வழி?”

சிங்கராஜா மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். “ஒரு நாளைக்கு ஒரு சட்டம்தான். யாராவது கதவைச் சாத்துங்கள், காற்று வருகிறது.”

சட்டத்தை ராஜமாணிக்கமே எழுதினார். கடைசியில் ஒரு வரியையும் சேர்த்தார்: ‘கொம்புள்ளவர்களுக்கு விலக்கு.’

“இது எதற்கு?” என்றார் சிங்கராஜா.

“கொம்பின் மேல் கவசம் உட்காராது அரசே. உட்காராததை உட்கார வைத்தால், கொடுங்கோல் ஆட்சி என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள்.”

சிங்கராஜாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. பாதத்தை மையில் தோய்த்து அழுத்திவிட்டுக் கம்பளிக்குள் போய்விட்டார்.

சட்டம் வந்தால் அதைக் காக்க ஓர் அதிகாரி வேண்டும். பலசாலியாக இருக்கட்டும் என்று கரடியை நியமித்தார்கள். கரடி அப்போது குளிர்காலத் தூக்கத்தில் இருந்தார். தட்டி எழுப்பிச் சீருடையைப் போட்டுவிட்டார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுச் சீருடையோடு மறுபடியும் படுத்துக்கொண்டார். இனி அவர் பனி உருகிய பிறகுதான் எழுவார் என்பது அதன் பிறகே எல்லோருக்கும் நினைவு வந்தது. எனவே அவருடைய வேலையைப் பார்க்க ஓநாய் தணிகாசலம் வந்தார்.

தணிகாசலம் நேர்மையானவர். சட்டத்தில் இருப்பதில் ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டார், கூட்டவும் மாட்டார். திருப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கட்டையைப் பாதையின் குறுக்கே போட்டு, அதைச் சோதனைச் சாவடி ஆக்கினார். தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டால் தண்டனை இதுதான்: பனி உருகும்வரை வண்டி மரத்தில் கட்டப்படும்; ஓட்டியவர் அதுவரை ராஜாவின் குகை வாசலில் பனி அள்ள வேண்டும்.

தும்பை அவரிடம் ஓடினாள். “சார், அந்தக் கட்டையைத் திருப்பத்துக்கு முன்னாடி போடுங்களேன். எல்லாரும் பறந்து வந்து, எங்க வீட்டு வாசலைத் தாண்டின பிறகுல்ல உங்ககிட்ட நிக்கறாங்க?”

“சட்டம் தலையைப் பத்திப் பேசுதும்மா. திருப்பத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தைகூட இல்லை. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் தணிகாசலம். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

சில நாள் எல்லோரும் தலைக்கவசம் போட்டார்கள். காது நசுங்குகிறது என்றார்கள். மூக்கில் அரிக்கிறது, சொரிய முடியவில்லை என்றார்கள். பிறகு ஒரு காலையில், குணசீலன் தலைக்கவசம் இல்லாமல் சாவடிக்கு வந்து நின்றான். அவன் தலையில் இரண்டு மரக்குச்சிகள் நாரால் கட்டப்பட்டிருந்தன.

“இது என்ன?” என்றார் தணிகாசலம்.

“கொம்பு சார்.”

“நேத்து இல்லையே?”

“எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு.”

“ஒண்ணுல இலை இருக்கு.”

“இளங்கொம்பு சார். இப்பத்தான் துளிர் விடுது.”

தணிகாசலம் சட்டத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். ‘கொம்புள்ளவர்கள்’ என்று இருந்தது. அந்தக் கொம்பு எங்கே முளைத்திருக்க வேண்டும் என்று இல்லை. அவர் பெருமூச்சு விட்டுக் கட்டையைத் தூக்கினார்.

மறுநாள் காட்டில் எல்லோருக்கும் கொம்பு முளைத்துவிட்டது. காட்டுப்பன்றிக்குக் கொம்பு, மரநாய்க்குக் கொம்பு. எலி ஒன்று தன்னைவிடப் பெரிய கொம்போடு பின்சீட்டில் உட்கார்ந்து போனது. கொம்பு வந்தவுடன் கௌரவமும் வந்தது. காட்டுப்பன்றியின் கொம்பு ஒரு முழம் என்றால் குணசீலன் ஒன்றரை முழம் கட்டினான். அதைப் பார்த்துப் பன்றி ஒரு சின்ன மரத்தையே பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டது. ராஜமாணிக்கம் இதையெல்லாம் பார்த்து, “என்ன இருந்தாலும் அசல் அசல்தான்” என்று சொல்லி, யாரையும் விட வேகமாக ஓட்டினார்.

வேண்டாத தலைக்கவசங்கள் பாதையோரமெல்லாம் கிடந்தன. குட்டிகள் அவற்றைக் கவிழ்த்துச் சறுக்கி விளையாடின. தும்பை மட்டும் தினமும் இரண்டு வேளை பாதையோரத்தில் காதை விடைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் ஓய்ந்த சமயம் பார்த்து ஒவ்வொரு குட்டியாகத் தள்ளிவிடுவாள். கடைசியாக மொச்சை போய்ச் சேரும்வரை அவளுக்கு மூச்சு வராது.

அப்படி நின்றிருந்த ஒரு நாள் அவள் அதைப் பார்த்தாள். குணசீலன் பறந்து வந்தான். அவன் கொம்பு ஒரு கிளையில் மாட்டி, நார் அறுந்து, அங்கேயே தொங்கிவிட்டது. அவன் மொட்டைத் தலையோடு சாவடியில் போய் நின்றான்.

“தலையில் கவசம் இல்லை. கொம்பும் இல்லை” என்றார் தணிகாசலம். அவர் குரலில் வெகுநாள் கழித்து மகிழ்ச்சி இருந்தது.

“அதோ சார், மரத்துல தொங்குது!”

“அப்போ மரத்துக்குத்தான் விலக்கு.”

குணசீலன் சிங்கராஜாவின் காலில் விழுந்து, முதல் தடவை என்று கெஞ்சி, ஒரு நாள் பூராவும் பனி அள்ளி வண்டியை மீட்டுக்கொண்டான். மறுநாள் திருப்பத்துக்கு வந்தபோது அவன் வண்டியை உருட்டிக்கொண்டு போவது போல ஓட்டினான். தலையைத் தாழ்த்திக் கிளைக்கு அடியில் நுழைந்து, கொம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வேகம் எடுத்தான். துவரையும் உளுந்தும் அவனுக்கு முன்னால் சாவகாசமாகக் கடந்து போனார்கள்.

தும்பை மேலே பார்த்தாள். ஒரு கிளைதான் தாழ்ந்திருந்தது. மற்றவை எல்லாம் உயரத்தில் இருந்தன.

“பிள்ளைங்களா, ஹெல்மெட்டையெல்லாம் பொறுக்கிட்டு வாங்க” என்றாள்.

அன்று சாயங்காலம் அணில் ஒன்றைக் கெஞ்சி மரத்தில் ஏற்றி, தலைக்கவசங்களில் பனியை நிரப்பி, அவற்றின் வாரால் கிளைக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். கிளைகள் மெல்ல வளைந்து பாதையின் மேல் இறங்கின. காட்டில் தலைக்கவசத்தால் பாதுகாப்பு உண்டானது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஊசிமரத் திருப்பத்துக்கு வந்தால் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள், தலை குனிந்தார்கள். காட்டுப்பன்றி இறங்கியே தள்ளிக்கொண்டு போனது. அசல் கொம்பு என்பதால் ராஜமாணிக்கமும் குனிந்துதான் போகவேண்டியிருந்தது. மாட்டினால் வலிக்குமே! தும்பை அந்த வாரம் முதல் முறையாகச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆனால் கலைமான்களின் கொம்பு குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். பிறகுதான் புதிதாக முளைக்கும். சட்டம் எழுதிய அவசரத்தில் ராஜமாணிக்கம் அதை மறந்திருந்தார். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு கொம்பும் படுக்கையில் கிடந்தன. தலை இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவருக்கே வியப்பு. வண்டியை எடுத்தார். குனிய வேண்டிய அவசியம் இப்போது இல்லை. திருப்பத்தில் முழு வேகத்தில் நுழைந்தார்.

பாதையின் நடுவே மொச்சை இருந்தான்.

தும்பை பாய்ந்தாள். அவளும் மொச்சையும் ஒன்றாக உருண்டு பனிக்குவியலுக்குள் போனார்கள். வண்டி அவர்களுடைய மீசையை உரசிக்கொண்டு போய், சாவடிக் கட்டையில் மோதுவதுபோல் நின்றது. தும்பை மொச்சையின் காதுகளை எண்ணினாள், கால்களை எண்ணினாள், வாலைத் தொட்டாள். எல்லாம் இருந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு சாவடிக்கு நடந்தாள்.

அங்கே தணிகாசலம் சல்யூட் அடித்துவிட்டு, தலைவரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கொம்பு?”

“வசந்தத்தில் வரும். நான் கலைமான் அப்பா! என் பரம்பரைக்கே கொம்பு உண்டு!”

“பரம்பரைன்னு சட்டத்துல இல்லைங்க ஐயா.”

“அந்தச் சட்டத்தை எழுதினதே நான்!”

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா. தயவுசெய்து வண்டியை விட்டு இறங்குங்க. மண்வெட்டி அங்கே இருக்கு.”

ராஜமாணிக்கம் தும்பையைப் பார்த்தார். பனி படிந்த மொச்சையைப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்தது. இந்தக் குட்டியைக் கொன்றிருப்போமே என்ற நினைப்பா, மண்வெட்டியின் நினைப்பா என்று சொல்வது கடினம். இரண்டுமாகவும் இருக்கலாம்.

“அம்மா” என்றார் தழுதழுத்த குரலில், “எனக்குப் புத்தி வந்தது. அந்த மரத்திலிருந்து ஒரு தலைக்கவசத்தை அவிழ்த்துக் கொடு. இனி அதைப் போட்டுக்கொண்டு பொறுப்பாக ஓட்டுகிறேன்.”

இதைக் கேட்கத்தான் தும்பை ஒரு காலத்தில் சபைக்குப் போனாள். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் ஒரு கிளை மேலே ஏறிவிடும். உருண்டையான, வழுவழுப்பான தலையோடு அவர் எந்தக் கிளைக்கும் குனிய மாட்டார். புத்தி எத்தனை நாள் இருக்கும்? கொம்பைப் போல அதுவும் உதிர்கிற பொருளாக இருந்தால்?

“ஹெல்மெட்டா? உங்களுக்கா?” என்றாள். “தலைவருக்குக் கொம்பு போச்சுன்னு காடு பூரா சிரிக்குமேங்க ஐயா.”

ராஜமாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் காட்டுப்பன்றி தலையில் மரத்தோடு வந்துகொண்டிருந்தது.

“வேற வழி?” என்றார் தாழ்ந்த குரலில்.

தும்பை புதருக்குள் போய், இருப்பதிலேயே நீளமான, பல கிளைகள் விரிந்த இரண்டு குச்சிகளைத் தேடி எடுத்து வந்தாள். தானே நாரால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“கொஞ்சம் பெரிசா இருக்கே?”

“உங்க தகுதிக்கு இதுவே கம்மிங்க ஐயா.”

தணிகாசலம் கொம்பைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் சல்யூட் அடித்தார்.

அன்று முதல் ஊசிமரத் திருப்பத்தில் யாரையும் விட மெதுவாகப் போனவர் ராஜமாணிக்கம்தான். மார்பு வண்டியில் படும்படி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார். அவர் போய் முடிப்பதற்குள் நான்கு குட்டிகளும் பள்ளிக்குப் போய், மறந்துவிட்ட சிலேட்டுப் பலகையை எடுக்க வீட்டுக்கு வந்து, திரும்பவும் போய்விடுவார்கள்.

பனி உருகத் தொடங்கியபோது கரடி கண் விழித்தார். சீருடையை உதறிக்கொண்டு முதல் வேலையாகத் திருப்பத்தைப் பார்வையிடப் போனார். முயல்குட்டிகள் பாதையைக் கடந்துகொண்டிருக்க, காட்டின் பெரிய தலைகள் எல்லாம் வண்டியை நிறுத்தி அவர்கள் முன் குனிந்து நிற்பதைப் பார்த்துக் கண்கலங்கினார். ‘ஓட்டுநர்களிடம் பொறுப்பு முழுமையாக மலர்ந்துள்ளது’ என்று ராஜாவுக்கு அறிக்கை அனுப்பினார். சிங்கராஜா கம்பளியிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, சாலைப் பாதுகாப்புக்கான பதக்கத்தை ராஜமாணிக்கத்தின் கழுத்தில் போட்டார். குனிந்தால் கொம்பு ராஜாவின் மூக்கில் குத்திவிடும் என்பதால், அதை அவர் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டார்.

நீதி: குழந்தைகளே, சாலையைக் கடக்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால் மட்டும் போதாது. வருகிறவர் தலையில் இருக்கும் விலக்கு எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். தலையைக் காப்பாற்றிக்கொள்ள யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.