முழங்கால் ஆழத்து மாப்பிள்ளை

தண்ணீர்ப் பக்கம் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவன் முட்டாள். அப்படி நம்பிய முட்டாள்களில் முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்கு ஊர் பழவேற்காடு. ஏரிக்கரையில் எங்கள் மளிகைக் கடை. வேலை கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலையில். குடியிருந்தது திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டையில், என் மனைவி பர்வீனின் அப்பா வீட்டு மாடியில். அங்கே மாமா சொல்வதுதான் சட்டம். மாமாவைப் பொறுத்தவரை தண்ணீர் என்பது வாளிக்குள் இருக்க வேண்டிய பொருள். அதனால் என் ஏழு வயது மகள் பழவேற்காட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. "ஏரியில உழுந்துட்டா இன்னா பண்றது?" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. என் வீட்டில் பேத்தியைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அந்த மே மாதம் வெயில் தாங்காமல் எல்லோரும் ஏற்காட்டுக்குப் போனோம். ஏரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஏரியின் மறுகரை ஆந்திராவில் இருக்கிறது. இங்கே மறுகரையில் ஒருவன் பஜ்ஜி தின்றால் வாழைக்காயா மிளகாயா என்று சொல்லிவிடலாம். (இதைப் பார்க்கத்தான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.) சரி, பழவேற்காட்டுக்காரனை நம்பிப் பிள்ளையைத் தண்ணீரில் விடலாம் என்று மாமாவுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

நான்கு பேர் உட்காரும் மிதிபடகு. முன்னால் நானும் மாமாவும், பின்னால் பர்வீனும் மகளும். மாமா லைஃப் ஜாக்கெட்டை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மாப்ள, நீங்களும் மாட்டிக்கங்க."

"நாங்கல்லாம் ஏரியிலயே பொறந்தவங்க மாமா."

"மீனுகூடதான் ஏரியில பொறக்குது. மாட்டிக்கங்க."

நான் அதை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது.

ஏரி நடுவில் சக்கரத்தில் என்னவோ சுற்றிக்கொண்டு படகு நின்றுவிட்டது. மாமா முகம் வெளுத்தது.

"இன்னா மாப்ள, நின்னுபோச்சி?"

"ஒண்ணுமில்ல மாமா. தோ, ஒரு நிமிசம்."

எங்கள் ஊரில் படகு தரை தட்டி நிற்பது தினசரிச் சமாச்சாரம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பளைகள் இறங்குவோம், தள்ளுவோம், ஏறுவோம். தண்ணீர் முழங்காலுக்கு வரும். சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்திருக்கிறேன். படகு நின்றால் எனக்கு வேறு யோசனையே வராது.

செருப்பைக் கழற்றி பர்வீனிடம் கொடுத்தேன். பேன்ட்டை முழங்கால் வரை ஒழுங்காக மடித்துவிட்டேன்.

"இன்னாங்க பண்றீங்க?"

"கொஞ்சம் தள்ளி வுடறேன்."

இறங்கினேன். கால் தரையைத் தேடியது. தரை இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நடந்து போகிற ஏரியில் எவன் நீச்சல் கற்பான்?

மேலே வந்தபோது என் தலைமுடியை ஒரு கை பிடித்தது. மாமாவின் கை. (அப்போது எனக்கு முடி இருந்தது.) குளிக்கக்கூட ஆழமாக இறங்காத மனிதர், பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு என்னைப் பிடித்திருந்தார். பர்வீன் கத்திய கத்தல் ஏற்காடு முழுக்கக் கேட்டிருக்கும். என் மகள் மட்டும் எட்டிப் பார்த்து அக்கறையாகக் கேட்டாள்: "தள்றீங்களா வாப்பா?"

படகுத்துறை ஆள் வேறொரு படகில் வந்து என்னைத் தூக்கிப் போட்டான். ரொம்ப நல்ல மனிதன். என் தோளைத் தட்டி மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க சார், வீட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா? கொழந்தைய வெச்சிக்கிட்டு இப்படிப் பண்ணலாங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. தள்றதுக்கு எறங்கனாரு," என்றார் மாமா.

"எதைங்க?"

"போட்டைத்தான்."

அவன் என்னைப் பார்த்தான். தற்கொலை என்றே விட்டிருக்கலாம். கரையில் கூட்டம் வேறு. கையில் கேமரா போன் வராத காலம் என்பதால் பிழைத்தேன்.

ஊர் திரும்பும் வேனில் கடைசி சீட்டில் போய் ஒதுங்கினேன். பழவேற்காட்டுக் கனவு முடிந்தது என்று முடிவு செய்துவிட்டேன். சேலம் தாண்டித்தான் மாமா வாயைத் திறந்தார்.

"உங்க ஊர்ல மெய்யாலுமே எறங்கித் தள்ளுவாங்களா?"

"ஆமா மாமா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே பழவேற்காட்டுக்கு வந்தார். படகில் ஏறினார். நடுவில் தரை தட்டியது. எல்லோரும் இறங்க, அவரும் லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீரில் நாலடி நடந்து பார்த்தார். நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, இதுல ஒருத்தன் மூழ்கணும்னா படுக்கணும்."

அன்றைக்கே மகளை விட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். அடுத்தடுத்த வருடங்களும் அப்படித்தான். என் திறமையை நம்பி இல்லை. என் ஊர்த் தண்ணீரின் யோக்கியதையை நம்பி.

இன்றைக்கும் திருவள்ளூர் போகிற வழியில் ஷேர் ஆட்டோ நின்றால் மாமா டிரைவரைப் பார்ப்பதில்லை. "எறங்குங்க மாப்ள," என்கிறார். மொத்த ஆட்டோவும் சிரிக்கிறது. வேறு என்ன செய்வது? இறங்கித் தள்ளுகிறேன்.