குடத்து வரிசைக் கணக்கு

செத்தாலும் எண்ணூர்லதான் சாவேன், மச்சான் வூட்டு மாடிக்குப் போவமாட்டேன். இது என் சபதம். என் சம்சாரம் கார்குழலிக்கும் ஒரு சபதம் கீது. பெரம்பூர்ல அவ தம்பி பகலவன் வூட்டு மாடிக்கு இந்தக் கோடைக்குள்ள குடி போயிடணும்.

அவ சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. நான் வேலை பாத்த கம்பெனிய மூடிட்டாங்க. கொடியில போட்ட வெள்ளை பனியன் அனல்மின் நிலையத்து சாம்பல் படிஞ்சி கருப்பாத்தான் கைக்கு வருது. எங்க பொண்ணு எழில்மொழி ராப்பகலா இருமுறா. ஆனா ரயில் பெட்டி கட்ற மச்சான் தெனம் காலைல "இன்னா மாமா, வேலை கெடச்சிதா?"ன்னு கேப்பானே!

வேலை இல்லாதவனுக்குப் படிப்பகம்தான் ஆபீசு. அங்க ஒரு அறிவியல் பத்திரிகைல போட்டிருந்தான். கும்பல்ல கருத்து எப்டி மாறுதுன்னு கணக்கே கீதாம். ஒவ்வொருத்தரும் தன் கருத்தையும் பக்கத்துல கீறவங்க கருத்தையும் சேத்து சராசரி எடுத்துக்குவாங்களாம்.

நானும் மார்க் போட்டேன். போவணும்னா நூறு, இருக்கணும்னா பூஜ்யம். கார்குழலி நூறு. பக்கத்து வூட்டு ரஹீமுன்னிசாவும் மீன் விக்கிற குப்பம்மாவும் எண்ணூர விட்டு நவுர மாட்டேன்னு நிக்கிற பூஜ்யங்க. தண்ணி லாரிக்கு விடியறதுக்குள்ள குடத்த வரிசைல வெச்சிட்டுப் போறது எங்க தெரு வழக்கம். குடம் எங்கியோ, ஆளும் அங்கதான். எங்க பச்சைக் குடத்த நைசா அந்த ரெண்டு பேர் குடத்துக்கு நடுவுல நவுத்தினேன். மூணு பேர் சராசரில மொத நாளு அவ நூறு முப்பத்திமூணாவும், மறுநாளு பதினொண்ணாவும்.

ஒரு வாரம் போச்சு.

"இன்னாமே, லாரியாண்ட இன்னா பேச்சு?"

"ரஹீமுன்னிசாக்கா அதுக்கும் பெரம்பூர்ல வூடு பாக்கச் சொல்லுச்சி. குப்பம்மாவும் வருதாம்."

"அதுங்களா!"

"கொயந்த இருமுறத சொன்னேன். அதுங்க வூட்லயும் இருமுதாம். ஆமா, நீ இன்னாத்துக்குயா தெனம் எங்குடத்த நவுத்துற?"

மாட்டிக்கினேன். கணக்கைச் சொன்னேன். சிரிச்சா பாருங்க, அப்டி ஒரு சிரிப்பு.

"பக்கத்துல கீறவங்க பேச்சைக் கேட்டு நான் என்னிக்குயா மாறிகீறேன்? உன்னக் கட்டிக்கிறப்போ தெருவே வாணான்னுச்சு!"

அசையாத ஆளு ஒண்ணு நடுவுல இருந்தா மத்தவங்கதான் அங்க வந்து சேருவாங்கன்னு அடுத்த பக்கத்துல போட்டிருப்பான்போல. அந்தப் பக்கத்த எவனோ கிழிச்சி போண்டா எண்ணெய் தொடச்சிட்டான்.

மறுநாள் பகலவன் வந்தான். இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் டீ கிளாசோட அவன், நடுவுல நான். வாய இறுக்கி மூடிக்கினேன். உள்ள எழில்மொழி இருமினா.

"பெரம்பூர்ல குழாய்ல தண்ணி வருமா மச்சான்?"

யார்ரா கேட்டதுன்னு பாத்தா, நான்தான்.