கார்டோடு ஓடிய ஸ்கூட்டர்

விதியை மீறிக் கை காலை முறித்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விதியை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடித்து எலும்பை முறித்துக்கொண்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் தங்கை கீதாவைக் கேளுங்கள், எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். (கேட்காவிட்டாலும் காட்டுவாள்.)

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாசம். அப்பா ராஜாமணிக்கு பவர் பிளான்ட்டில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. இடது கையில் அவருக்கு இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். யாராவது கேட்டால், "பழைய மில்லுல வச்சுட்டு வந்துட்டேன்" என்பார், குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர் மாதிரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் ஊரில் இளைஞர்களுக்கு ஆபத்து பட்டப்பகலில்தான் வரும். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பாக்கள் பகலெல்லாம் தூங்குவார்கள். வாசலில் ஸ்கூட்டர் சும்மா நிற்கும். எதிரே ரோடு, அகலமாக, மரநிழலோடு, காலியாக. வீட்டில் பதினாறு வயதுப் பையன் இருந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். குறட்டையின் சுருதியை வைத்தே வண்டி எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணிக்கும் வித்வான்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சமயத்தில் எலும்பு வார்டில் படுத்திருந்தார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன எலும்பு டாக்டரம்மா ஒருவர், 'இளம் ஓட்டுநர் பாதுகாப்பு வாரம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். பள்ளிக்கு வந்து எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார்.

"இது தொடை எலும்பு. ஒண்ணா இருக்க வேண்டியது, இப்ப ரெண்டா இருக்கு. ஓனருக்கு உங்க வயசுதான்."

கடைசி பெஞ்சில் ஒருவன் மயங்கி விழுந்தான். அவனைத் தெளிய வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார் டாக்டரம்மா.

அன்று மாலை பெற்றோர் கூட்டம். கூட்டம் என்றால் தூணுக்குப் பின்னால் இடம் தேடும் என் அப்பா, திடீரென்று எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லலாங்களாம்மா? பிளான்ட்ல ஒரு மோட்டார்ல வேலை பாக்கப் போறதுக்கு முன்னாடி, சுவிட்ச்சுல ஒரு சிவப்பு கார்டு மாட்டிட்டுப் போவோம். பேரு, காரணம் எல்லாம் எழுதி. அது தொங்குறவரைக்கும் எந்தக் கொம்பனும் சுவிட்ச்சைத் தொட மாட்டான். மாட்டினவனே வந்துதான் கழட்டணும், பெரிய ஆபீசர் சொன்னாலும் வேற ஆள் கழட்டக் கூடாது. நைட் ஷிப்ட் அப்பாமாரும் வண்டியில அப்படி ஒரு கார்டு மாட்டிட்டுத் தூங்கினா என்னங்க?"

டாக்டரம்மா கை தட்டினார். கூட்டமே தட்டியது. இரண்டே நாளில் கார்டு அச்சாகி வீடு வீடாக வந்துவிட்டது. நல்ல சிவப்பு. 'அபாயம். இயக்காதே' என்று கொட்டை எழுத்து. கீழே பெயர், காரணம் எழுத இரண்டு கோடு. அப்பா தன் கார்டை மணி மணியான கையெழுத்தில் நிரப்பினார். பெயர்: ராஜாமணி. காரணம்: தூக்கம்.

அந்த வாரம் முழுக்க அப்பா வேறு ஆளாக இருந்தார். மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, "கார்டு ஐடியா உங்களதாங்க?" என்று கேட்டார்கள். நிறைவு விழாவில் அவருக்குப் பொன்னாடை என்று முடிவாயிற்று. அதே மேடையில் 'அப்பா தூங்கும்போது வண்டியைத் தொடாதே' என்ற தலைப்பில் மாணவர் ஒருவர் பேசுவார் என்றும் முடிவாயிற்று. அந்த மாணவர் நான்.

விழா நாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, எழுப்பிவிடும் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு விழா. பேச்சாளர் மட்டும் ஒத்திகைக்கு முன்னதாகவே வந்துவிட வேண்டும். சைக்கிளை எடுத்தால் பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. பஸ் போய்விட்டது. நடந்து போனால் பேச்சாளர் சட்டையின் கஞ்சி என்ன ஆவது?

ஸ்கூட்டரைப் பார்த்தேன். கைப்பிடியில் சிவப்பு கார்டு. சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. (கார்டு இருக்கும்போது சாவியை ஒளித்து வைப்பது கார்டுக்கு அவமரியாதை என்பது அப்பாவின் கொள்கை.)

இந்த இடத்தில் என் அறிவு வேலை செய்த விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அப்பா சொன்னது என்ன? மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். சரி, நான் கழற்றப் போவதில்லை. உயிரே போனாலும் அந்தக் கார்டின் மேல் என் விரல் படாது. கார்டு இருந்த இடத்திலேயே பத்திரமாகத் தொங்கட்டும், வண்டி மட்டும் போய்விட்டு வரட்டும். (கார்டில் 'இயக்காதே' என்று இருந்ததே என்கிறீர்களா? அதை நான் ஒரு பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டேன்.)

அதுவரை நான் ஸ்கூட்டர் ஓட்டியதெல்லாம் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து, வாயால் சத்தம் கொடுத்துத்தான். ஆனால் மெயின் ரோடு வரை அருமையாகவே போனேன். காற்றில் கார்டு படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கு அது ஏதோ மந்திரி காரில் கொடி பறப்பது போல இருந்தது.

நான் யோசிக்காதது ஒன்றே ஒன்று. முதல் ஷிப்ட் விட்டு ஊரே வீடு திரும்பும் நேரம் அது.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னைப் பார்த்தார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, வாய் பிளந்து, அப்படியே சைக்கிளோடு புல்லில் சாய்ந்தார்.

"யோவ்! கார்டு! கார்டோட ஓடுதுய்யா!"

பிளான்ட் ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கார்டு தொங்கும் மிஷின் ஓடுகிறது என்றால் உள்ளே ஒரு மனுஷன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அது மோட்டாரா, ஸ்கூட்டரா, மாவு மிஷினா என்றெல்லாம் மூளை யோசிப்பதற்கு முன்பே கால் ஓட ஆரம்பித்துவிடும். பின்னால் வந்த ஷிப்ட் பஸ் நடுரோட்டில் கிறீச்சிட்டு நின்றது. அதிலிருந்து ஒரு ஷிப்டே குதித்தது.

"நிறுத்து! நிறுத்து!"

"ஆஃப் பண்ணுடா டேய்!"

"இன்னா தம்பி, கார்டு மாட்டிகினு வண்டி ஓட்டிகினு போற! ஆளு உள்ள கீறாருப்பா!" என்று பக்கத்துக் கிராமத்துக் கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார்.

நிறுத்தத்தான் நானும் விரும்பினேன். ஆனால் பிரேக் என்பது காலில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. (ஸ்டாண்டில் ஓட்டும்போது அது தேவைப்பட்டதே இல்லை.) எதிரே ரவுண்டானா. சுற்ற ஆரம்பித்தேன். எந்த ரோட்டில் திரும்பலாம் என்று பார்த்தாலும் அதன் வாயில் பத்துப் பேர் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி சுற்றினேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். கடைசியில் ரவுண்டானாவே என்னை வெளியே தள்ளியது. ஓரத்தில் இருந்த குவார்ட்டர்ஸ் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய், செங்கல் வரப்பில் மோதி, ஸ்கூட்டர் அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்காமல் போய் ஒரு முருங்கை மரத்தடியில் விழுந்தேன்.

தோளில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

திபுதிபுவென்று ஓடி வந்தார்கள். என்னைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே ஸ்கூட்டரிடம் போய்க் கார்டைப் பிடித்துப் படித்தார்கள்.

"பேரு யாருய்யா?"

"ராஜாமணி! நம்ம எலக்ட்ரிகல் ராஜாமணி அண்ணன்!"

"ஐயையோ, அண்ணனுக்கு என்னய்யா ஆச்சு?"

அவ்வளவுதான். மொத்த ஷிப்டும் எங்கள் வீட்டை நோக்கி ஓடியது. நான் முருங்கை இலைகளுக்கு நடுவே, "அப்பா தூங்கிட்டிருக்காருங்க" என்று முனகிக்கொண்டு கிடந்தேன்.

வீட்டில் நடந்ததைக் கீதா நடிப்பில்தான் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்த அம்மா, கூட்டத்தையும் முன்னால் நின்றவர் கண்ணீரையும் பார்த்துவிட்டு அலறிய அலறலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய்கள் எல்லாம் குரைத்தனவாம். கண் விழித்த அப்பா, கட்டிலைச் சுற்றி ஹெல்மெட்டும் டிபன் கேரியருமாக ஊரே நிற்பதைக் கண்டு, தான் செத்துவிட்டதாகவே ஒரு நிமிஷம் நம்பினாராம். ஒருவர் அவர் கை காலைத் தொட்டுப் பார்த்து, "ஆள் முழுசா கீறாருப்பா!" என்று அறிவித்தாராம்.

"உன் கார்டோட வண்டி ஓடிச்சு ராஜாமணி" என்று யாரோ சொன்னதும்தான் அப்பாவின் முகம் மாறியது என்பாள் கீதா. அந்த இடத்தை மட்டும் அவள் நடித்துக் காட்ட மாட்டாள்.

என்னை அள்ளிக்கொண்டு போனது விழாவுக்குக் கிளம்பி வந்த டாக்டரம்மாவின் வேன்தான். காரை எலும்பு முறிவு. இரண்டு தோளையும் பின்னால் இழுத்து எட்டு மாதிரி கட்டுப் போட்டார்.

"லைசென்ஸுக்கு ரோட்டுல எட்டுப் போடணும். உனக்கு முதுகுல போட்டாச்சு. இதென்னடா பாக்கெட்ல பேப்பர்?"

என் பேச்சு. வாய்விட்டுப் படித்தார். "மதிப்புக்குரிய பெரியோர்களே! தூங்கும் தந்தையின் நம்பிக்கையைத் திருடலாமா?" நர்ஸ் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார். எனக்கு மருந்து கொடுக்காமல் அப்படியே சாகவிட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்பா வந்தார். லுங்கி, பனியன், கலைந்த தலை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கார்டைக் கழட்டினியா?"

"இல்லப்பா. நீங்க மாட்டினத நான் எப்படிப்பா கழட்டுவேன்?"

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மில்லுல மிஷினுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருந்தேன். 'ஆள் இருக்கேன்'னு சாக்பீஸ்ல எழுதி வச்சிருந்தேன். ஒருத்தன் வந்து சுவிட்ச்சைப் போட்டுட்டான். அவனுக்கு என் மேல கோபமெல்லாம் ஒண்ணுமில்லடா. அவனும் படிச்சான். அவசரம், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அழுதார். என் அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கீழே விழுந்தபோதுகூட அப்படி ஆடிப்போகவில்லை நான்.

அன்று விழா தாமதமாக நடந்தது. அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றி, மேடை ஏறிப் பொன்னாடையையும் வாங்கிக்கொண்டார். மைக்கில் ஒரே வரிதான் பேசினாராம்: "கார்டு மட்டும் பத்தாதுங்க, சாவியையும் தலகாணிக்கடியில வச்சுக்கங்க." அந்த வாரத்திலேயே அதிகக் கைதட்டல் வாங்கிய பேச்சு அதுதான்.

என் எக்ஸ்ரே எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பல வருஷங்கள் அது பள்ளி பள்ளியாக ஜன்னலில் ஏறியது. கீதாவின் வகுப்புக்கு வந்தபோது, டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் இவள் எழுந்து, "மிஸ், அது எங்க அண்ணன்!" என்று பெருமையாகக் கத்தினாளாம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரே கேட்டார்: "நெய்வேலியா? அங்க கார்டோடயே வண்டி ஓட்டின பையன் ஒருத்தன் உண்டாமே, தெரியுமா?" தெரியாது என்றேன். கீதா காப்பியைச் சிந்தினாள்.

வண்டியைப் பழுது பார்த்து எடுத்து வந்த அன்றே அப்பா அதே கார்டை மறுபடி மாட்டினார். ரிடையர் ஆகி, நைட் ஷிப்ட் இல்லாமல் போய், கண் மங்கி வண்டி ஓட்டுவதை விட்ட பிறகும் மத்தியானம் தூங்கப் போகும்போது மாட்டிவிட்டுத்தான் போவார். போன ஆனியில் ஒரு மத்தியானம் அப்படித் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

ஸ்கூட்டர் இன்னும் வாசலில் நிற்கிறது. பழைய சாமான்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். போன வாரம் அவர் சும்மா கார்டைத் தொட்டுப் பார்த்ததற்கு, லைசென்ஸ் எடுத்து இரண்டே மாதமான என் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து சத்தம் போட்டாள்.

"அதைத் தொடாதீங்கண்ணே! மாட்டினவங்கதான் கழட்டணும்."

அவர் ஒன்றும் புரியாமல் குனிந்து கார்டைப் படித்தார். பெயர்: ராஜாமணி. காரணம்: தூக்கம்.

"எந்திரிச்சதும் சொல்லுங்க சார், வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.