இருபத்தாறு டிகிரியில் விண்வெளித் தூசி

அரசு அலுவலகங்களில் எந்தக் குளிர்சாதனமும் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே ஓடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கைதான். வானாய்வு நிலையத்தில் இயக்குநர் அறைக்குள் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. அங்கே அவர் கம்பளி போர்த்திக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார்.

சிக்கனப் பிரிவு அதிகாரி சோதனைக்கு வந்தார். தொலைநோக்கிக் கேமராவின் குளிரூட்டியைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"என்னம்மா இது, மைனஸ் இருநூறு?"

"சார், நட்சத்திரங்களுக்கு நடுவுல கரித்தூசி மிதக்குது. நட்சத்திர வெளிச்சத்தை வாங்கிட்டு, சிவப்பாவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாவும் திருப்பிக் கொடுக்குது. ரொம்ப மங்கலான வெளிச்சம். கேமரா சூடா இருந்தா அதோட சூடே அகச்சிவப்பா ஒளிரும். தூசி தெரியாது."

சொன்னவர் எங்கள் பக்கத்துத் தெரு ஆராய்ச்சியாளர் அம்மா. இந்த வருஷத்துக்குள் அந்தத் தூசியைப் படம் பிடிக்காவிட்டால் அவருடைய பிரிவையே மூடிவிடுவார்கள்.

"நாங்கல்லாம் இருபத்தாறுல வேர்த்து விறுவிறுத்து வேலை பாக்கலையா? கேமரா என்ன புது மாப்பிள்ளையா?"

குளிரூட்டி இருபத்தாறில் வைக்கப்பட்டு, முத்திரையும் குத்தப்பட்டது. அடுத்து எடுத்த படத்தில் வானம் மூலைக்கு மூலை தகதகத்தது.

இயக்குநர் கம்பளியோடு துள்ளினார். "பாத்தீங்களா! சிக்கனம் பண்ணதும் தூசி எப்படி ஜொலிக்குது!"

"சார், அது தூசியே இல்ல, நம்ம சூடு. கேமராவுக்கு மூடி போட்டு எடுத்தாலும் இதேதான் வரும்."

எடுத்தும் காட்டினார். அதே படம் வந்தது.

"மூடியையே துளைச்சிட்டு வருதா!" என்று இயக்குநர் புல்லரித்துப் போனார். உடனே மேற்படி ஒளியைக் காண இனி நிலையத்தின் கூரையைத் திறக்க வேண்டியதில்லை என்றும், அந்த மோட்டாரின் மின்சாரமும் மிச்சம் என்றும் ஆணை பிறந்தது.

"அப்ப வானத்தை யாரு சார் பாக்கறது?"

"உங்க பிரிவைப் பெரிசாக்கி, உங்களையே தலைவியாப் போட்டாச்சு. பிரிவை மூடணுமா, வாயை மூடணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க."

அம்மா வாயை மூடிக்கொண்டார். எனக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் நிலையம் அச்சடித்து விற்ற அந்தப் படம் இல்லாத வீடு இன்று வீடே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் கூடத்திலும் மாட்டினோம். ஒருநாள் அந்த ஆராய்ச்சியாளர் அம்மாவை அழைத்துக் காட்டினோம்.

"இது மூடி போட்டு எடுத்தது. இதுல தூசி துளிகூட இல்ல," என்றார்.

என் மனைவி அப்போதே ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். "அக்கா! உங்க வீட்டுல இருக்கறது வெறும் தூசிப் படமாம். எங்களோடதுதான் மூடி போட்டு எடுத்த ஒரிஜினலாம்!"