முனியாண்டியை ஒற்றைக் கையால் தூக்கியவன்

நான் தொலைக்காட்சித் தொடரில் நடித்திருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் பாகத்தில் வெள்ளைக்காரத் துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைத் திட்டும்போது, திரையின் இடது ஓரத்தில் ஒரு ரப்பர்ப் பால் வாளியும் அதைப் பிடித்திருக்கும் ஒரு முழங்கையும் தெரியும். முழங்கை என்னுடையது. வாளி அவர்களுடையது.

ரப்பர்த் தோட்டக் காலத்துக் கதை அது. பாதியை ஈப்போ பழைய நகரத்திலும், மீதியை சுங்கை சிப்புட் பக்கம் ஆளில்லாமல் கிடந்த ஒரு தோட்டத்திலும் எடுத்தார்கள். நான் அப்போது புந்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். செட் போடப் பலகையும் சாயமும் இறக்கப் போன இடத்தில், கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று என் இடுப்பில் ஒரு வேட்டியைச் சுற்றி நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள். என் கலையுலக வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளில் நான் செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டு. கதாநாயகி பால்மரத்துக்கு அடியில் இருக்கும் முனியாண்டியிடம் போய், பர்மாவுக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று அழ வேண்டும். அதற்காக எட்டடி முனியாண்டி ஒருவரைச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள். "லாரி அண்ணே, அத எறக்கி மரத்தடியில வைங்க" என்றார்கள். இதற்கு நாலு பேராவது வேண்டுமே என்று பயந்துகொண்டே கை வைத்தேன். ஒற்றைக் கையில் வந்துவிட்டார். புது டிவி பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வைப்பார்களே, அந்த வெள்ளைப் பொலிஸ்டைரின். மேலே சாயம்.

இது எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நடந்ததற்கு அறியாமை காரணமில்லை. திமிர்தான்.

கோகிலாவை நான் விரும்பினேன். கோகிலா ஒரு பல் கிளினிக்கில் தாதி. அவள் அம்மா பாக்கியம், ஜெலாப்பாங்கில் ஒரு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். (என்ன ஃபேக்டரி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.) முதன்முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது தொலைக்காட்சியில் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி முனியாண்டி காலடியில் விழுந்து அழுகிறாள். பாக்கியம் ஆன்ட்டியும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் நடிச்சிருக்கேன் ஆன்ட்டி" என்றேன்.

அதுவரை என்னை லாரிக்காரனாகப் பார்த்த கண் கொஞ்சம் விரிந்தது. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "அந்தச் சாமி நெஜமா தம்பி?" என்று கேட்டார். விரிந்த கண் சுருங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், "ரொம்பப் பழைய கோயில் ஆன்ட்டி. வெள்ளைக்காரன் காலத்துச் சாமி. கேட்டா உடனே குடுக்கும்" என்று அடித்துவிட்டேன்.

பெண் கேட்டு எங்கள் அப்பா அம்மா போய்வந்து எட்டு மாதம் ஆகியும் பாக்கியம் ஆன்ட்டியிடமிருந்து ஒரே பதில்தான்: "பாத்துட்டுச் சொல்றேன்." ஒரு நாள் கோகிலா போன் செய்தாள். "அம்மா அந்த முனியாண்டி கோயிலுக்குப் போகணுமாம். சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, அன்னிக்கே நமக்குப் பதில் சொல்றாங்களாம். சரசு சின்னம்மாவும் பாகான் டத்தோலேருந்து வாராங்க. ஞாயித்துக்கெழம நீதான் கூட்டிட்டுப் போகணும்."

படப்பிடிப்பு முடிந்து இரண்டு வருடம். வெயிலும் மழையும் அந்தச் சாமியை இந்நேரம் துண்டு துண்டாக்கியிருக்கும், "அடடா, கோயில இடிச்சிட்டாங்களே" என்று சொல்லிக் கொஞ்சம் வருத்தப்பட்டால் போதும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் மேலே ஒரு திட்டம் போட்டேன். காலையிலிருந்து பழைய நகரத்திலேயே அவர்களை நடக்க வைத்துக் களைத்துப்போகச் செய்தால், தோட்டத்துக்குப் போகவே தெம்பு இருக்காது.

ரயில் நிலையத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. தொடரில் மாப்பிள்ளை கையாட்டிவிட்டுப் போன இடம் அதுதான். சரசு சின்னம்மா அந்தத் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அடுத்து என்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றக் காட்சிகளை எங்கே எடுத்தார்கள் என்று எனக்கென்ன தெரியும், நான் அங்கே பலகை இறக்கியவன். இருந்தாலும் சந்து சந்தாக அழைத்துப் போய், சாயம் உரிந்த ஒரு பழைய கதவின் முன் நிறுத்தி, "இதான் ஜப்பான்காரன் மாப்பிள்ளய அடச்சி வச்ச ஜெயில்" என்றேன்.

சின்னம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவில் கை வைத்து, "இங்கதானேடா சாமி அடிச்சானுங்க" என்று விம்மினார். அப்போது கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சீனப் பெரியவர் சிலுவார்க் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வந்து, நாங்கள் நால்வரும் வரிசையில் நிற்பதைப் பார்த்து, "சாபார் லா, சத்து சத்து" என்றார். பொறுமையாக ஒவ்வொருவராகப் போகலாம் என்கிறார். காப்பிக் கடையின் பின்பக்கக் கழிப்பறை அது.

"ஷூட்டிங்குக்கு அப்புறம் மாத்திட்டாங்க போல" என்றேன். கோகிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாக்கியம் ஆன்ட்டி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி தம்பி, கோயிலுக்குப் போலாம்" என்றார். களைப்பு என்பதே அவர் முகத்தில் இல்லை. ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால்களை நான் மூன்று சந்துகளில் களைக்க வைக்கப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் இப்போது பாதிக்குமேல் எண்ணெய்ச் செம்பனை. மண் பாதையில் காரைத் திருப்பும்போதே பார்த்துவிட்டேன். முனியாண்டி இருந்தார். சும்மா இல்லை, ஜம்மென்று இருந்தார். தலைக்கு மேல் யாரோ தகரக் கூரை போட்டிருந்தார்கள். கழுத்தில் எலுமிச்சை மாலை, இடுப்பில் சிவப்புத் துணி, காலடியில் சுருட்டு, இரண்டு பீர் போத்தல். தொடரைப் பார்த்த ஜனங்கள் என்னை மாதிரி யார் பேச்சையோ கேட்டு வந்து கும்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் தூக்கி வைத்த எனக்கே அந்த மாலையைப் பார்த்ததும் கை தன்னால் கும்பிட்டது.

உண்மையைச் சொல்ல அது ஒன்றும் மோசமான நேரம் இல்லை. "ஆன்ட்டி, இது பொலிஸ்டைரின்" என்று மூன்றே வார்த்தை. ஆனால் இந்தச் சாமி தலையாட்டினால் எனக்குக் கோகிலா. வாய் வரவில்லை.

பாக்கியம் ஆன்ட்டி இறங்கி, சிலையை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். பிறகு சூடத் தட்டை எடுத்துக்கொண்டு சிலைக்குப் பக்கத்தில் வராமல், பத்தடி தள்ளி மரத்தின் வேரில் வைத்து ஏற்றினார். வெளியூர்ச் சாமி, மரியாதைக்காகத் தள்ளி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார்.

சரசு சின்னம்மாவோ தனியாக ஒரு சுருட்டு கொண்டுவந்திருந்தார். "முனியாண்டிக்குச் சுருட்டு குடுக்காம எப்புடி" என்று பற்றவைத்தார்.

"சரசு, வேணாம், அது வேணாம்" என்றார் ஆன்ட்டி கண்ணைத் திறந்து. அதற்குள் சின்னம்மா பீடத்தில் ஏறிச் சாமியின் வாயில் சுருட்டைச் செருகிவிட்டார்.

மேலுதடு மெல்ல மேலே ஏறியது.

"அக்கா, இங்க பாரேன், சாமி சிரிக்கிறாரு" என்று சின்னம்மா இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார். சாமி நிஜமாகவே சிரித்தார். சிரிப்பு அகலமாகிக்கொண்டே போய்க் கன்னத்தைத் தொட்டது. இடது மீசை கீழே விழுந்தது. கறுப்பாகப் புகை வந்தது, அந்த நாற்றத்தைச் சாமி நாற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் ஓடிப்போய், அபிஷேகத்துக்குக் கொண்டுவந்த பால் செம்பைப் பிடுங்கி முகத்தில் ஒரே வீச்சாக ஊற்றினேன். நெருப்பு அணைந்தது. ஆனால் பீடத்து முட்டுக்கட்டை உளுத்துப்போயிருந்திருக்க வேண்டும், எட்டடி முனியாண்டி அப்படியே முன்பக்கம் சாய்ந்தார். கோகிலா அலறினாள். நான் பாய்ந்து பிடித்தேன்.

பிடித்தது ஒற்றைக் கையால். இன்னொரு கையில் செம்பு.

காவல் தெய்வத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பால் சொட்டச் சொட்ட நான் நிற்கிறேன். பாக்கியம் ஆன்ட்டி நிதானமாக நடந்து வந்தார். விரலை மடக்கிச் சாமியின் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக்.

"பொலிஸ்டைரின்" என்றார். "டிவி ஃபேக்டரில பேக்கிங் செக்ஷன் தம்பி நானு. இருபத்திரெண்டு வருஷம் இதுக்குள்ளதானே கெடந்தேன்."

"எப்பத் தெரிஞ்சுது ஆன்ட்டி?"

"கார விட்டு எறங்குனப்பவே. நீங்க எப்பச் சொல்லப் போறீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதற்கப்புறம் நான் கொட்டிவிட்டேன். சாமியைத் தூக்கி வைத்தது, நடிகன் இல்லை முழங்கை மட்டும்தான் என்பது, ஜெயில் என்று காட்டியது யாருடைய கக்கூஸ் என்றே தெரியாது என்பது வரைக்கும். அவ்வளவையும் முனியாண்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன். ஆன்ட்டி கேட்டுவிட்டு, "மொதல்ல அவர நேரா நிறுத்துங்க. எதுல செஞ்சிருந்தா என்ன, நாலு பேரு கும்பிட்டிருக்காங்க" என்றார். சின்னம்மா தன் சால்வையால் சாமியின் வாயைச் சுற்றிக் கட்டினார். பல்வலிக்காரர் போல அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் கிளம்பினோம்.

காரில் கோகிலா என் பக்கம் திரும்பவே இல்லை. செம்மோர் வந்ததும் சாலையோரம் ஓர் ஒட்டுக்கடையில் நிறுத்தச் சொன்னார் ஆன்ட்டி. நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரேக், வந்தது. எல்லாம் போயிற்று என்று எனக்கு உறுதியாகிவிட்டது. சொன்னால் வெட்கம், கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கோகிலா அப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது தம்பி" என்று ஆன்ட்டி ஆரம்பித்தார். "நல்லா பேசுவாரு. சிங்கப்பூர்ல வேல, லீவு கெடைக்கலன்னு சொல்லுவாரு. ஒம்பது வருஷம் நம்புனேன். அங்க இன்னொரு குடும்பம் இருந்துச்சு. பொய் சொல்லும்போது ஒரு தடவகூட அவரு மொகம் மாறுனதில்ல. அதான் எனக்கு எவனப் பாத்தாலும் பயம், எட்டு மாசமா பதில் சொல்ல முடியல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க ஒரு பொய் சொன்னீங்க. காலையிலேருந்து உங்களுக்கு வேர்த்து ஊத்துது. யாரு வீட்டுக் கக்கூஸயோ ஜெயிலுங்குறீங்க. கடசில சாமிக்கே மீச விழுந்துருச்சு. இந்த லட்சணத்துல நீங்க யார ஏமாத்த முடியும்? எனக்கு அது போதும்லா. எம்பொண்ணு பொழச்சிக்குவா."

"எனக்குப் போதாது" என்றாள் கோகிலா. தோட்டத்தை விட்டுக் கிளம்பிய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அங்கே ஒரு தடவை, அப்புறம் அவள் கிளினிக் வாசலில் தினமும். அம்மா அன்றைக்கே சொன்ன பதிலை மகள் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.

கல்யாணம் ஆகிப் பல வருடம் போய்விட்டது. இந்தக் கதை தெரியாத சொந்தக்காரர் பேராக் மாநிலத்தில் யாரும் இல்லை. நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், யாராவது ஒருவர் விரலை மடக்கி என் நெஞ்சில் டொக் டொக் என்று தட்டுவார்கள். மீன் பிடித்த கதையா, டொக் டொக். சம்பந்தமே இல்லாத மாமா ஒருவர் தைப்பிங் கல்யாணத்தில் மேடைக்கே வந்து தட்டிவிட்டுப் போனார். என் மகளுக்கு நெஞ்சு எட்டாது, தொப்பையில் தட்டுகிறாள்.

போன வருடம் அத்தைக்கு, அதாவது பாக்கியம் ஆன்ட்டிக்கு, நெஞ்சு வலி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். (இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் சந்தைக்குப் போய் மீன்காரனிடம் சண்டை போடுகிறார்.) டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடி அத்தை கட்டிலுக்குப் போனேன்.

"என்னவாம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்த. சின்ன ஆபரேஷன்தானாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போலாமாம்."

அத்தை ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கினார். விரலை மடக்கி என் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று அடைப்பு, நெஞ்சைத் திறப்பது, எனக்குப் பயமாக இருப்பது வரைக்கும். அவர் என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, நீங்க கோகிலாகிட்ட ஒண்ணும் சொல்லவேணாம்" என்றார். "நான் பாத்துக்குறேன். எனக்குப் பொய் சொல்ல வரும்."