ஸ்கிரீன் மாட்ட ஆள் எதுக்கு?

"இதுக்கெல்லாம் எதுக்குங்க ஆளு?" என்று கேட்டுவிட்டு ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினால், அந்த வீட்டுப் பெண்கள் ஒரு வாரத்துக்கு வேண்டிய பொறுமையைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குழாயில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் குழாய்க்காரரைக் கூப்பிட மாட்டார். தானே கழற்றி, வீடெல்லாம் தண்ணீர் ஓடவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் குழாய்க்காரர் வந்ததும், "முக்காவாசி முடிச்சிட்டேன், மீதிய நீ பாரு" என்பார். மிக்ஸி, மோட்டார், கேஸ் அடுப்பு எதையும் விட்டுவைத்ததில்லை. அப்படியொரு கைராசி!

எங்கள் மாரண்டஹள்ளியில் இந்த இனத்துக்குத் தலைவர், என் பக்கத்து வீட்டு சந்திரமோகன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் பேனா பிடித்து ஓய்வு பெற்ற கை. அந்தக் கையில் இப்போது டிரில்லிங் மெஷின்.

போன மாதம் அவர் மகள் ஜெயபிரியா தலைப்பிரசவத்துக்கு வந்து, பதினைந்து நாள் குழந்தையோடு இருந்தாள். அவளுக்குக் கொடுத்தது ரோட்டோர அறை. ஜன்னலுக்கு நேரே டீக்கடை, டீக்கடை முன்னால் தக்காளி லோடு வண்டிகள், பக்கத்தில் பாலக்கோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கத்தில் குழந்தை வீறிடுகிறது. திறந்தால் ஊரே எட்டிப் பார்க்கிறது. அந்தப் பெண் நிம்மதியாக உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். அம்மா சசிகலா இரண்டு ஆணி அடித்து, கயிறு கட்டி, ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டார். இரண்டு நிமிஷ வேலை.

சந்திரமோகனுக்குப் பொறுக்குமா?

"ஜன்னல்ல சீலையத் தொங்கவுட்டா ரோட்ல போறவன் நம்ம வூட்டப் பத்தி என்ன நெனப்பான்? அவுத்துப் போடு. ஸ்கிரீன் மாட்டிரலாம்."

"அப்ப வீரமணி ஆசாரியக் கூப்புடுங்க. அர மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிருவாரு."

"ஸ்கிரீன் மாட்ட ஆள் எதுக்கு?"

முடிந்தது. சேலையை அவிழ்த்தார், கயிற்றை அறுத்தார், குறடு வைத்து ஆணிகளையும் பிடுங்கினார். இருப்பதைக் கழற்றுவதில் இந்த இனத்துக்கு உள்ள சுறுசுறுப்பே தனி. புதிதாக மாட்டுவதற்கு மட்டும் நாள் நட்சத்திரம் எல்லாம் கூடி வர வேண்டும்.

முதல் நாள் முழுக்க யூடியூப். இரண்டாம் நாள் செல்போனில் ரசமட்டம் பார்க்கிற ஆப் இறக்கி, சுவரில் வைத்துப் பார்த்து, சுவரே கோணல் என்று கண்டுபிடித்தார். "கட்டுனவன் சரியில்ல" என்றார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்ட வைத்தவர் இவர்தான்! மூன்றாம் நாள் ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்டார், அது லிண்டல் கான்கிரீட், டிரில்லிங் பிட் மழுங்கியது, காரைத் தூசி தொட்டில் மேல் கொட்டியது, குழந்தை தும்மியது, சசிகலா வாயைத் திறந்தார், "வேல நடக்கற எடத்துல புள்ளய யாரு வெக்கச் சொன்னது?" என்று இவர் முந்திக்கொண்டார். நான்காம் நாள் அரையடி மேலே போய், எட்டு எம்.எம். பிட்டில் துளை போட்டு, ஸ்க்ரூ பிடிக்கிற ஆறு எம்.எம். பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, அது லொடலொடவென்று ஆட, பக்கத்தில் நாலு தீக்குச்சியை அடித்து இறுக்கினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். "கொஞ்சம் ஏத்துங்க, கொஞ்சம் எறக்குங்க" என்பது என் உத்தியோகம். அதில் ஒன்றைக்கூட அவர் காதில் வாங்கவில்லை.

இத்தனை நாளும் ஜெயபிரியா எங்கே பால் கொடுத்தாள்? சமையலறையில், அரிசி டிரம்முக்கும் குக்கருக்கும் நடுவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வியர்த்து வழிந்து.

"அப்பா, இன்னிக்காச்சும் ஆயிருமா?"

"நாளைக்குக் கண்ணு. ஃபினிஷிங்தான் பாக்கி."

ஐந்தாம் நாள் ராடு ஏறியது. மெரூன் துணியில் தங்கப் பூ போட்ட ஸ்கிரீன். பூவெல்லாம் ரோட்டுப் பக்கம், தையலும் நூல் பிசிறும் வீட்டுப் பக்கம். பார்க்கிறவர்கள் ரோட்டில்தானே இருக்கிறார்கள்? போகட்டும். ஜெயபிரியா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள், "அப்பாடா" என்றாள். எனக்கே மனசு நிறைந்து போனது. நான் வெளியே வந்து டீ சொன்னேன்.

சந்திரமோகனால் சும்மா இருக்க முடியவில்லை. செய்த வேலையை நாலு பேர் பார்க்காவிட்டால் அது வேலையா? டீக்கடையில் இருந்த ஐந்து பேரை, என்னையும் சேர்த்துத்தான், ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். "வீரமணி மாட்டுனா இப்டி வருமா? ஒத்த வெரல்ல தள்ளுனா போதும், எப்டி வழுக்கிட்டுப் போவுது பாருங்க" என்று கம்பிக்குள் கையை விட்டு ஸ்கிரீனைத் தள்ளினார்.

சர்ரென்று வழுக்கிக்கொண்டுதான் போனது.

"அப்பா!"

அந்த அலறலில் குழந்தையும் அலறியது. பதறிப்போய் இவர் ஸ்கிரீனை இழுத்து மூடப் பார்க்க, பிளக், தீக்குச்சி, பிராக்கெட் எல்லாம் சுவரை விட்டு வெளியே வந்து, ராடு ஒரு பக்கமாகத் தொங்கியது. திறந்த ஜன்னலில் எங்கள் ஆறு தலைகள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒருவரும் நகரவில்லை. சத்தியமாக அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு இஞ்ச் தள்ளிப் போட்ருக்கணுங்க."

"எம்-சீல் வெச்சிருந்தா நின்னுருக்கும்."

சேலையால் மகளைப் போர்த்திவிட்டு, அம்மிக் குழவியோடு ஜன்னலுக்கு வந்தார் சசிகலா. சட்டத்தில் இரண்டு ஆணியைக் குழவியாலேயே அடித்தார், கயிறு கட்டினார், இன்னொரு பழைய சேலையை எடுத்தார். அதைத் தொங்கவிடும் முன் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"பொண்ணு பால் குடுக்கறா. போயி டீயக் குடிங்க, போங்க."

சேலை விழுந்தது. மறுபடியும் இரண்டே நிமிஷம். சந்திரமோகன் அதை அண்ணாந்து பார்த்தபடி என் காதோரம் சொன்னார்: "ஆணி ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல, கவனிச்சீங்களா?"

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். எட்டு எம்.எம். துளையில் ஆறு எம்.எம். பிளக் என்று மேலே படித்தபோது, அடுக்களையில் வியர்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் உங்கள் ஞாபகத்தில் இருந்தாளா, இல்லை, "அட, நம்மளக் கூப்பிட்டிருந்தா..." என்று கை துறுதுறுத்ததா?