வில்லங்கம் பதில் எழுதிய நோட்டீஸ்

காவிரி டெல்டாவில் வாய்க்காலுக்கு ஒரு தகராறு என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியைத் தொடங்கி வைத்தவர் வில்லங்கம். மீதிப் பாதி, அவர் அந்தப் பக்கமாக நடந்து போனதால் தானாகத் தொடங்கியது.

அவருடைய சொந்தப் பெயர் மன்னார்குடியில் யாருக்கும் தெரியாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடை வைத்திருந்தார். வில்லங்கச் சான்று எடுத்துக் கொடுப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று அவரே விளக்கம் சொல்வார். கேட்பவர்கள் மறுத்துப் பேசாமல் டீயைக் குடிப்பார்கள். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள். அதில் ஒன்றைக்கூட யாருக்கும் இரவல் தந்ததில்லை. "பேனாவக் குடுத்தா கையெழுத்தையே குடுத்த மாதிரி" என்பார். கேட்டவன் பாவம், பஸ் பாஸுக்கு எழுத வந்திருப்பான்.

எதிர் டீக்கடைக்காரர் ஒருமுறை கிளாஸை மாற்றினார். புதுக் கிளாஸின் அடிப்பாகம் கனம், ஆகவே உள்ளே டீ குறைவு என்று வில்லங்கம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு கடைக்கும் நடுவே இருந்தது ஒரு தெரு. டீக்கடைக்காரர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

"ஏண்ணே, வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"வாயால சொன்னா ஆதாரம் இருக்காது. கிளாஸ மாத்து."

தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவரைச் சேர்த்தது இன்னொரு பிழை. சேர்ந்த அன்றே அட்மினிடம், உங்களை இந்தப் பதவிக்கு நியமித்தது யார், எந்தத் தீர்மானத்தின்படி என்று கேட்டார். அட்மின் குழுவை விட்டு வெளியேறினார். பதவி அடுத்தவர் தலையில் விழுந்தது. அவரும் மறுநாள் வெளியேறினார். கடைசியில் குழுவில் மிஞ்சியது வில்லங்கமும், காலை வணக்கம் படம் மட்டும் போடுகிற ஒரு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டரும்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வெளிநாட்டு கேம் கம்பெனியை மாட்டிவிட்டது நாங்கள்தான்.

நான் அப்போது மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. சீர்காழிப் பெண், லுத்தரன் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வயதுக்காரர்கள் பிரவுசிங் சென்டரில் விளையாடி வளர்ந்த விவசாய கேம் ஒன்று உண்டு. கோதுமை, பனி, மினி பஸ் அளவுக்கு ஒரு மாடு. அதைச் செய்த கம்பெனிக்கு ஒருநாள் அது அலுத்துவிட்டது. சர்வரை மூடியது, விற்பதையும் நிறுத்தியது. காசை நீட்டினாலும் கிடைக்காது என்று ஆனது.

ஸ்டெல்லா அதை அடியிலிருந்து திரும்பக் கட்டினாள். கோதுமையை எடுத்துவிட்டுக் குறுவையும் சம்பாவும் போட்டாள். பனிக்குப் பதில் ஐப்பசி மழை. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும். பக்கத்து வயல்காரன் மடையைத் திறந்துவிட்டால் நமக்கு வராது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். தார்ப்பாய் மூட மறந்தால் மழையில் நெல் முளைத்துவிடும். நானும் வேறு சில நண்பர்களும் கூடமாட உதவினோம். டிராக்டரின் படமும் மாடும் மட்டும் பழைய கேமிலிருந்து அப்படியே எடுத்தவை. அந்த மாடுதான் பிறகு எங்களை முட்டியது.

கேமுக்கு 'நடவு' என்று பெயர் வைத்து இலவசமாக இணையத்தில் விட்டோம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம்மூர் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்பா நாற்றங்காலுக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்று படுத்துக்கொண்டவர்களெல்லாம் துபாயில் உட்கார்ந்து நாற்றுப் பறித்தார்கள்.

பிறகு மின்னஞ்சலில் வந்தது நோட்டீஸ். பதிப்புரிமை மீறல். கேமை எடு, கம்ப்யூட்டரில் எழுதிய கோடு முழுவதையும் ஒப்படை, வேலை செய்த எல்லோருடைய பெயரையும் கொடு, இல்லையென்றால் நஷ்ட ஈடு. தெருவில் தூக்கிப் போட்ட நாற்காலிக்கு நாம் புதுக் கால் பொருத்தி உட்கார்ந்த பிறகு, அது எங்கள் சிம்மாசனம் என்று ஆள் அனுப்புகிற புத்தி.

எங்கள் நண்பர்களின் வீரத்தையும் சொல்ல வேண்டும். டிராக்டர் சத்தம் பதிவு செய்து கொடுத்தவன் அது தன் டிராக்டரே இல்லை என்றான். நெல்லுக்குப் பச்சை நிறம் தேர்ந்தெடுத்தவன் போன் நம்பரை மாற்றிவிட்டான். 'டெல்டாவின் பெருமை' என்று யூடியூபில் எங்களைப் புகழ்ந்து வீடியோ போட்டவன், 'எனக்கு முன்னாடியே டவுட் இருந்துச்சு மக்களே' என்று இன்னொரு வீடியோ போட்டான். இரண்டாவதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. உங்கள் மேல் ஏதாவது வழக்கோ புகாரோ உண்டா என்று கேட்டிருந்தார்கள். அவள் பதில் அனுப்பாமல் வைத்திருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனாள்.

தஞ்சாவூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நிலம் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, பாத்துடலாம்" என்றார். திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்து புலம்பியபோது டீக்கடைக்காரர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். எங்களுக்கு உதவத்தான் சொன்னாரா, கிளாஸுக்குப் பழி வாங்கினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெங்களூர் வேலை வரை நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வில்லங்கம் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"எத்தனை ஏக்கர்?"

"நிலம் இல்லங்க. கேம்."

"கேம்ல நிலம் இருக்குல்ல. யாரு பேர்ல பட்டா?"

"கம்பெனி பேர்லங்க" என்றேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

"அவன் எத்தனை வருஷமா சாகுபடி பண்ணல?"

ஸ்டெல்லா பொறுமையாகச் சொன்னாள். "சார், அவங்க சர்வர மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா காப்பிரைட் நிலம் மாதிரி கிடையாது. சும்மா போட்டு வச்சாலும் அவங்களதுதான்."

"சொத்துன்னு வந்துட்டா எல்லாம் நிலந்தாம்மா. தரிசாப் போட்டான், நீங்க உழுதீங்க. அனுபவ பாத்தியதை. ஸ்தலத்த நான் பாக்கணும்."

ஸ்தலத்தைப் பார்ப்பது என்றால் கேமை விளையாடுவது. அவருடைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தோம். மனிதர் உழவில்லை, விதைக்கவில்லை. முதல் காரியமாக வரப்பு வரப்பாக நடந்து அளந்தார். தன் வயலுக்குள் பக்கத்து வயல் இரண்டு அடி புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வயலுக்குச் சொந்தக்காரர் துபாயில் டிரைவர் வேலை பார்க்கிற திருக்காட்டுப்பள்ளி ஆள். அவருக்கு அரட்டைப் பெட்டியில் நோட்டீஸ் போனது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை, மடையை அடைத்தார். இவர் பதிலுக்கு வாய்க்காலை மறித்தார். விளையாடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது எங்கள் சட்ட ஆலோசகர் இல்லாத நிலத்தில் இல்லாத தண்ணீருக்கு மறியல் பண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், பதில் எழுதணும், நாள் போயிட்டே இருக்கு" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"எழுதியாச்சு. பதிவுத் தபால்ல அனுப்பியும் ஆச்சு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நகலை வாங்கிப் படித்தோம். மேற்படி விளையாட்டு மேற்படியாரின் ஏகபோக அனுபவத்தில் இருந்து வருவதாகவும், அதில் வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை என்றும் எழுதி, மேற்படியார் என்ற இடத்தில் தன் பெயரையும் கடை விலாசத்தையும் போட்டிருந்தார். 'நடவு' முழுக்க அவர் செய்ததாம். அடுத்தவன் மாட்டை எடுத்ததாகத்தான் எங்கள் மேல் புகார். இவர் மாட்டோடு சேர்த்து எங்கள் தொழுவத்தையே எழுதி வாங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில். "ரெண்டு வருஷ வேலை சார் அது. உங்களுக்கு அதுல ஒரு வரி எழுதத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவரைப் பற்றி அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசியதை ஒரு பத்திரிகையில் எழுத முடியாது.

கம்பெனியின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு இளம் பெண் வக்கீல் வீடியோவில் பேசினார். வில்லங்கம் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் புது விபூதி. நாங்கள் இரண்டு பேரும் திரையில் தெரியாமல் ஓரமாக நின்றோம்.

"இந்த கேம யாரு சார் டெவலப் பண்ணது?"

"நான்தான்."

"எந்த எஞ்சின்ல பண்ணீங்க?"

கேம் செய்யப் பயன்படும் மென்பொருளைத்தான் எஞ்சின் என்பார்கள். இவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அஞ்சு ஹெச்.பி. டீசல் எஞ்சின். கரண்ட நம்பி விவசாயம் பண்ண முடியுமாம்மா?"

வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார். "சரி சார். கோடு யாரு எழுதினது?"

"கோடு நான்தான் போட்டேன். ஏற்கெனவே இருந்த கோடு தப்பு. ரெண்டு அடி உள்ள வந்திருந்துச்சு. நானே அளந்து சரி பண்ணேன்."

திரையில் வக்கீலின் சத்தம் நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிந்தது. தோள் குலுங்கியது. சத்தம் திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது.

"சார், உண்மையச் சொல்லுங்க. உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

ஸ்டெல்லா ஓர் அடி முன்னால் வைத்தாள். அது அவள் கட்டிய கேம். தான் செய்தது என்று ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. வில்லங்கம் திரையைப் பார்த்தபடியே, மேஜைக்குக் கீழே கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"யாரும் இல்லம்மா. கூட்டுப் பட்டாவெல்லாம் கிடையாது. தனிப் பட்டா."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "எங்களுக்கு ஒரு கையெழுத்து வேணும் சார். அது உங்களுதா இருந்தாலும் சரி. கேம எடுத்துடுறேன், இனிமே போட மாட்டேன்னு எழுதிக் குடுத்தா இதோட முடிச்சுக்கலாம்."

"குடுக்கறேன். ஆனா இப்ப முடியாது. சம்பா பால் பிடிச்சு நிக்குது."

"அது கம்ப்யூட்டர்ல இருக்கற பயிர் சார்."

"பயிருக்கு என்னம்மா தெரியும், அது எங்க இருக்குன்னு? அறுப்பு முடியட்டும். பொங்கல் வரைக்கும் டயம் வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தார். அவர் எழுதி அனுப்பிய 'ஹார்வெஸ்ட்' என்பது ஏதோ தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று அந்த மேதாவிக் கம்பெனி நினைத்திருக்க வேண்டும்.

பேச்சு முடிந்ததும் ஸ்டெல்லா அப்படியே நின்றாள். "என் பேரு எங்கயுமே இல்ல சார்."

வில்லங்கம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "இருக்கட்டும்மா. எங்கிட்ட பத்திரம் எழுத வர்றவன் மொதல்ல என்ன கேக்குறான்? வில்லங்கம் இல்லாம இருக்கான்னுதான். நீ வில்லங்கம் இல்லாம பெங்களூர் போய்ச் சேரு."

நான் மனம் இளகப் போன நேரம் பார்த்து, ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்ந்து நின்றதற்காக என்னைக் கண்டபடி திட்டினார். அந்த இளக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் எல்லோரும் கேமுக்குள் வந்தார்கள். கதிர் அறுக்கும் மிஷின் வயல் வயலாக ஓடியது. திருக்காட்டுப்பள்ளிக்காரரை மட்டும் காணோம். துபாயில் அவருக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். அவர் வயல் மட்டும் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வில்லங்கம் தன் மிஷினை அந்த வயலுக்குள் இறக்கினார். முழுக்க அறுத்தார், கொள்முதல் நிலையத்தில் கொண்டு கொட்டினார், தார்ப்பாய் போட்டு மூடினார். பிறகு அரட்டைப் பெட்டியில் அவருக்கு எழுதினார். எல்லைத் தகராறு நிலுவையில் இருக்கும்போதே இந்த அறுவடை மனிதாபிமான அடிப்படையில் செய்யப்பட்டது என்றும், இதனால் மேற்படி இரண்டு அடியின் மீது தமக்குள்ள உரிமை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது என்றும்.

ஸ்டெல்லா அதைப் படித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சர்வரை நிறுத்தினாள். சிறிது நேரம் கழித்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் வெளியே போய் டீ வாங்கி வந்தேன்.

வில்லங்கம் சொன்னபடியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மறு வருஷம் அந்தக் கம்பெனி தன் பழைய கேமைப் புதுப்பித்து விற்பனைக்கு விட்டது. இந்தத் தடவை நெல்லும் சேர்த்திருந்தார்கள். யாரிடமிருந்து யோசனை வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வரப்பே இல்லாத வயல். நெல் மரத்தில் காய்க்காத குறைதான். மாடு மட்டும் அதே மாடு, இப்போது சிரிக்கிறது. ஸ்டெல்லா பெங்களூரில் நன்றாக இருக்கிறாள். புது கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள், இந்த முறை மாடு அவள் வரைந்தது.

வில்லங்கம் கம்பெனி அனுப்பிய நோட்டீஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பட்டா மாற்ற வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்து, வெளிநாட்டுக் கம்பெனியே தனக்கு அவகாசம் கொடுத்துவிட்டுப் போன கதையைக் கேட்டாக வேண்டும். கதையில் ஒவ்வொரு தடவையும் கம்பெனி இன்னும் கொஞ்சம் பயப்படுகிறது.

நான் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். மன்னார்குடிக்குப் போனால், வேலை இருக்கிறதோ இல்லையோ, பதிவு அலுவலகத் தெரு வழியாகத்தான் நடக்கிறேன். அவர் யாரிடமாவது சண்டை போடுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் திரும்பிப் போய் பஸ் ஏற மனம் வருகிறது.